பல்லை எண்ணும் பெட்டி: 1972 ஃபோர்டு டிரக்குக்கு நாமே செய்யும் இ.சி.யூ

[திரையில்: ஃபோர்டு எஃப்-100. பானெட் திறந்திருக்கிறது.]

வணக்கம். இது 1972 மாடல் எஃப்-100. உள்ளே இருப்பது ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் 300 கன அங்குல இன்ஜின், அதாவது 4.9 லிட்டர். 1965-இல் தொடங்கி 1996 வரை ஃபோர்டு தன் டிரக்குகளில் போட்டுவந்தது. இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. மேலே உட்கார்ந்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்தான் காலையில் சோக் இழுத்தால் திணறுகிறது, மலை ஏறினால் பெட்ரோலைக் குடிக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் மின் வால்வான இன்ஜெக்டர் போடப் போகிறோம். இன்ஜெக்டரை ஆட்டிவைக்கும் இ.சி.யூவையும், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் மின்னணுப் பெட்டியையும், நாமே செய்யப் போகிறோம்.

1987-இலிருந்து ஃபோர்டே இதே இன்ஜினுக்கு இன்ஜெக்ஷன் கொடுத்தது. அதன் மேனிஃபோல்டுகள், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்கள், பழைய வண்டிக் கடையில் கிடைக்கும். பொருத்தும் வேலை வேறு வீடியோ. இன்று பெட்டி மட்டும்.

[திரையில்: மேசையில் ஒரு ஆர்டுயினோ மெகா 2560.]

2001-இல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவர்ட் என்ற கிட்டை வெளியிட்டார்கள். வீட்டில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் இ.சி.யூ செய்ய ஆரம்பித்தது அதோடுதான். நாம் எடுத்திருப்பது ஸ்பீடுயினோ, அதே மாதிரி நாமே செய்யும் இன்னொரு இ.சி.யூ. மூளை ஆர்டுயினோ என்ற இந்தச் சின்னக் கணினி போர்டு: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 8 கிலோபைட் ராம். இன்றைய போனோடு ஒப்பிட்டால் தூசு. இந்த வேலைக்கு இதுவே போதும்.

ஏன் போதும்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: கரும்பலகை.]

ஒரு சிலிண்டர் சுமார் 0.82 லிட்டர். 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 1 கிராம் காற்று. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் 50 கிலோபாஸ்கல், பாதிதான். அதிலும் 80 சதவீதம்தான் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.4 கிராம். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். ஆக, 27 மில்லிகிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 250 சிசி விடும் இன்ஜெக்டர் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 3 மில்லிகிராம் விடும். விடை 9 மில்லிசெகண்ட். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும், அதனால் இந்த 9-ஐச் சுற்றுக்குப் பாதியாகப் பிரித்துத் தருவோம். இன்ஜெக்டர் வாய் திறக்கவே ஒரு மில்லிசெகண்ட் போல ஆகும், அதையும் ஒவ்வொரு முறையும் கூட்ட வேண்டும்.

அவ்வளவுதான் இ.சி.யூ. அந்த 80 சதவீதம் மட்டும் ஆர்.பி.எம்முக்கும் அழுத்தத்துக்கும் தகுந்தபடி மாறும். அதற்குத்தான் 16-க்கு 16 கட்டம் போட்ட அட்டவணை. டியூனிங் என்றால் அந்தக் கட்டங்களை நிரப்புவது.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் பாதிப் பேர் நடுவில் கைவிடுகிறார்கள்? கணக்கு யாரையும் காலை வாருவதில்லை. இன்ஜின் இப்போது எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குச் சரியாகத் தெரியாததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

[திரையில்: கிராங்க் புல்லியில் பல்சக்கரம். கேமரா ஒரே ஒரு இடைவெளியை நெருங்குகிறது.]

இன்ஜினின் கிராங்க் தண்டோடு சுற்றும் இந்தச் சக்கரத்தில் 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் 35 இருக்கிறது. பல்லுக்குப் பல் 10 டிகிரி. எதிரே சுமார் 1 மில்லிமீட்டர் தள்ளி, இரும்புப் பல் வந்தால் உணரும் ஒரு ஹால் சென்சார். பல் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. 3000 ஆர்.பி.எம்மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், ஒரு பல்லுக்கு 0.56 மில்லிசெகண்ட். திடீரென ஒரு இடைவெளி இரட்டிப்பாக வந்தால், ஆ, பொக்கைப் பல் வந்துவிட்டது, இங்கிருந்து எண்ணு என்று பெட்டி புரிந்துகொள்ளும்.

இப்போது ஸ்பார்க் வயர் பக்கத்தில் சென்சார் வயரை ஓட்டிவிட்டோம் என்று வையுங்கள். இல்லாத பல் ஒன்று கூடுதலாகத் தெரியும். எண்ணிக்கை தப்பும், இன்ஜெக்ஷன் நிற்கும், வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். நானும் முதல் தடவை அட்டவணையில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் எண்களைப் போட்டு உருட்டினேன். கடைசியில் பார்த்தால், சென்சாரின் எர்த்தை இன்ஜின் பிளாக்கில் முடுக்கியிருந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்டும் அதே பிளாக் வழியாகத்தான் போகிறது. சென்சார்களின் எர்த் எல்லாம் பெட்டிக்கே வர வேண்டும். பெட்டியிலிருந்து கிளம்பும் எர்த் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஷீல்டு வயரின் உறையைப் பெட்டிப் பக்கம் மட்டும் இணையுங்கள், மறுமுனையை விட்டுவிடுங்கள்.

[திரையில்: மல்டிமீட்டர், இன்ஜெக்டர்.]

வாங்கும் முன் இதையும் பாருங்கள். இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கு இடையே ஓம்ஸ் அளந்து பாருங்கள். 12-க்கு மேல் காட்டினால் நல்லது. 2, 3 என்று காட்டினால் இந்த போர்டில் நேரடியாக மாட்டாதீர்கள், கரண்ட் கூடி, இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சிப் புகைந்துவிடும்.

பெட்டியை வண்டியில் ஏற்றும் முன் மேசையிலேயே ஓட்டிப் பாருங்கள். இன்னொரு ஆர்டுயினோவைப் பல்சக்கரம் போல நடிக்க வைக்கலாம். இன்ஜெக்டர் இடத்தில் எல்.இ.டி. ஆறு விளக்கும் இரண்டிரண்டாக மினுங்கினால், அப்புறம் வண்டிக்குப் போகலாம்.

[திரையில்: சீட்டைக் கழற்றிய கேபின். பின்னால் பெட்ரோல் டேங்க்.]

இந்த மாடலில் டேங்க் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. கார்புரேட்டருக்கு 5 பி.எஸ்.ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு 43 பி.எஸ்.ஐ. இந்த அழுத்தத்தில் ஒரு கிளாம்ப் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்ஷனுக்கென்று விற்கும் ஹோஸ், அதற்கான கிளாம்ப் மட்டும்தான். இங்கே காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பம்ப் ரிலே இ.சி.யூ கையில் இருக்கட்டும்: பல் துடிப்பு நின்றால் பம்பும் நிற்க வேண்டும்.

ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது எதைக் குறை சொல்வது? ஒரு மாதம் பெட்ரோல் மட்டும். ஸ்பார்க் பிறகு.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1975-உம் அதற்கு முந்தையதுமான மாடல்களுக்கு அங்கே ஸ்மாக் செக் எனும் புகைப் பரிசோதனை கிடையாது. புதிய வண்டியில் இதைச் செய்யும் முன் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள்.

[திரையில்: லேப்டாப்பில் டியூனிங் மென்பொருள் டியூனர்ஸ்டுடியோ, பக்கத்தில் வைடுபேண்ட் மீட்டர்.]

எக்ஸாஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் டியூன் செய்ய உட்காராதீர்கள். ஓட்டுபவர் ஒருவர், லேப்டாப் பார்ப்பவர் ஒருவர். சாதாரண வேகத்துக்கான கட்டங்கள் ஒரு மாலையில் நிரம்பிவிடும்.

குளிர் ஸ்டார்ட் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். இன்ஜின் ஒரு தடவை சூடாகிவிட்டால் அன்றைய வாய்ப்பு முடிந்தது. சாவியைக் கழற்றி, பானெட்டை மூடிவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் லேப்டாப்பை முதலில் இணைத்து, கூலன்ட் சூடு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் சாவியைத் திருப்புங்கள்.