வளமா, வனவாசமா? வளமே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார்களுக்கும், சனிக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

"பே ஏரியாவை விட்டுப் பழமைவாதக் கிராமப்புறக் கவுண்டிக்குக் குடிபோவது வளமா, வனவாசமா?" இதுதான் தலைப்பு. பே ஏரியா என்றால் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றி நாம் இருக்கும் நகரங்கள்; கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. வனவாசம் என்று பேசிய அண்ணன் நான்கு பயங்களை அடுக்கினார்: நம் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்கள், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது, காட்டுத்தீ வரும், பிள்ளைகள் படிப்பு வீணாகும். அவருக்குப் பின் பேசிய அக்கா ஐந்தாவதாக ஒன்று கேட்டார். அரங்கமே அமைதியான கேள்வி அது. அதற்குக் கடைசியில் வருகிறேன் அக்கா.

நான் காற்றில் பேச வரவில்லை. பத்தொன்பது வருஷமாக இந்தப் பே ஏரியாவில், ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். போன வருஷத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சட்டர் கவுண்டியில் யூபா சிட்டிக்குப் போய் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு வடக்கே நாற்பது மைல். கவுண்டி முழுக்கச் சேர்த்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனம்தான். பீச், பிளம், வாதுமை, நெல். 2016, 2020, 2024 மூன்று அதிபர் தேர்தலிலும் டிரம்புக்கே பெரும்பான்மை கொடுத்த கவுண்டி. பழமைவாதக் கவுண்டி என்று எதை வைத்துச் சொல்கிறோமோ, அது அத்தனையும் அங்கே இருக்கிறது.

முதல் தடவை ஜூன் மாதம் போனோம். சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், பச்சைப் பசேலென்று நெல். நான் மன்னார்குடிக்காரி. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்றுவிட்டேன். அங்கே விதையை விமானத்திலிருந்து தூவுகிறார்கள். நாற்று, நடவு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த ஈர மண் வாசம் இருக்கிறதே, அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, அண்ணனின் முதல் பயத்துக்கு வருகிறேன். என் பேச்சில் பாதி அதற்கே போகும். ஏனென்றால் நம் எல்லாருக்கும் அடிவயிற்றில் இருக்கும் பயம் அதுதான். அது பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். அதே சட்டர் கவுண்டியில் லைவ் ஓக் என்று ஒரு சிற்றூர். 1908 ஜனவரியில் அங்கே கூலி வேலைக்கு வந்து தங்கியிருந்த இந்தியர்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது. 1913-இல் கலிபோர்னியா சட்டமே போட்டது: குடியுரிமை பெற முடியாத அந்நியருக்கு விவசாய நிலம் சொந்தமாக இருக்கக் கூடாது. 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற முன்னாள் ராணுவ வீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று கதவைச் சாத்தியது. நிலமும் கிடையாது, குடியுரிமையும் கிடையாது. ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவரவும் வழியில்லை. பலர் மெக்சிகோ பெண்களை மணந்துகொண்டு, அடுத்தவர் பேரில் நிலத்தைக் குத்தகை எடுத்து, அந்த மண்ணிலேயே கிடந்தார்கள்.

அப்படிக் கிடந்தவர்களில் ஒருவரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். தலிப் சிங் சவுந்த். பஞ்சாபிலிருந்து 1920-இல் வந்தார். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய இந்தியருக்கு அன்றைக்கு அதற்கேற்ற வேலை கிடையாது. தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய், பருத்தி பறிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக நின்றார். பிறகு லெட்யூஸ் கீரை பயிரிட்டார். இந்தியரும் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946-இல் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1949-இல் குடிமகன் ஆனார். அடுத்த வருஷமே வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சின்ன ஊரில் நீதிபதித் தேர்தலில் நின்று ஜெயித்தார். குடிமகனாகி ஒரு வருஷம் முடியவில்லை என்று சொல்லிப் பதவியைத் தர மறுத்தார்கள். 1952-இல் மறுபடி நின்றார், மறுபடி ஜெயித்தார்.

அந்தப் பிரச்சாரத்தின்போது உணவகத்தில் ஒருவர் எல்லாரும் கேட்க அவரைச் சீண்டினார்: "நீங்கள் ஜெயித்தால், உங்கள் கோர்ட்டுக்கு வரத் தலைப்பாகையை நீங்களே கொடுப்பீர்களா, நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?" தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது தமக்கு முக்கியமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்று பொறுமையாகப் பதில் சொன்னார் சவுந்த்.

1956-இல் அதே மனிதர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் ஜாக்குலின் காக்ரன், ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த முதல் பெண், நாடறிந்தவர். தொகுதி ரிவர்சைடு, இம்பீரியல் கவுண்டிகள். விவசாயிகளும் தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களும் நிறைந்த இடம். சவுந்த் ஜெயித்தார். ஆசியாவிலிருந்து வந்த ஒருவர் ஓட்டுரிமையுள்ள உறுப்பினராக அந்தச் சபையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரை அனுப்பிவைத்தது பெர்க்லியும் இல்லை, சான் பிரான்சிஸ்கோவும் இல்லை நடுவர் அவர்களே! முப்பது வருஷம் பக்கத்து வயலில் அவர் வியர்வை சிந்தியதைப் பார்த்த ஜனங்கள் அனுப்பினார்கள். அவர் என்ன விலைக்குக் கீரை விற்றார், வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாரா என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பெரிய ஊரில் நாம் ஒரு கூட்டம். சின்ன ஊரில் நாம் ஒரு ஆள். அங்கே நம்மைப் பற்றி ஊருக்கு ஒரு அபிப்பிராயம் வரும், வந்தே தீரும். அது நம் நடத்தையைப் பார்த்து வரும். இங்கே என் தெருவில் பதினொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவருக்கு என் பேர் தெரியாது. அவர் பேரும் எனக்குத் தெரியாது. இதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

திரும்ப சட்டர் கவுண்டிக்கு வாருங்கள். விரட்டியடித்த அதே மண்ணில் 1980-இல் தொடங்கி நவம்பரில் சீக்கியர் ஊர்வலம் நடக்கிறது. பல்லாயிரம் பேர் திரள்கிறார்கள், வருகிற அத்தனை பேருக்கும் சாப்பாடு. 2017 இறுதியில் பிரீத் தித்பால் யூபா சிட்டி மேயரானார். அமெரிக்காவில் மேயர் பதவிக்கு வந்த முதல் சீக்கியப் பெண் அவர். டிரம்புக்கு ஓட்டுப் போட்ட ஊர்தான், நடுவர் அவர்களே. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்திருக்கிறது.

தீயைப் பற்றி அண்ணன் சொன்னது முழுக்க நிஜம். 2018 நவம்பர் 8 அன்று பக்கத்து பியூட் கவுண்டியில் பாரடைஸ் ஊரே எரிந்தது, 85 பேர் இறந்தார்கள். அது மலைக்காட்டு ஊர். யூபா சிட்டி சமவெளி. அங்கே பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 1955 டிசம்பர் 24 அதிகாலையில், ஊரை ஒட்டி ஓடும் ஃபெதர் ஆற்றுக் கரை உடைந்து ஊர் மூழ்கியது. 2017 பிப்ரவரியில் அதே ஆற்றின் மேலே இருக்கும் ஓரோவில் அணையின் உபரிநீர் வழி சிதைந்தபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 1,88,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். அன்று இரவு வீடு விட்டு ஓடிவந்தவர்கள் எந்த மதம், எந்தக் கட்சி என்று கேட்காமல், சாக்ரமெண்டோ பக்கத்துக் குருத்வாராக்கள், அதாவது சீக்கியக் கோயில்கள், கதவைத் திறந்து சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தன. அந்தச் சோற்றை அந்த ஊர் மறக்குமா? (வீடு வாங்குகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.)

ஆஸ்பத்திரி விஷயத்தில் அண்ணனுக்கு நான் பாதி விட்டுக்கொடுக்கிறேன். இந்தக் கலிபோர்னியாவிலேயே மடேரா கவுண்டியில் இருந்த பொது மருத்துவமனை 2023 தொடக்கத்தில் மூடப்பட்டது. திரும்பத் திறக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. யூபா சிட்டிக்கு ஆற்றின் அக்கரையில் மேரிஸ்வில்லில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. எல்லாக் கவுண்டிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. வீடு பார்க்கும் முன் ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம் என்று வண்டி ஓட்டிப் பாருங்கள். வயதான மாமியார், மாமனார் கூட இருந்தால் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று அண்ணன் சொல்லவே இல்லையே! பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள், டாக்டர் இல்லாத ஊரில் மூன்று வருஷம் வேலை செய்தால் நாட்டிலேயே தங்கலாம் என்று 1994-இல் ஒரு திட்டம் வந்தது. கொண்டுவந்தவர் வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட். பிறகு அது மாநிலத்துக்கு வருஷம் முப்பது பேர் என்று ஆனது. நம் தமிழ் டாக்டர்களும் அந்த வழியாகப் பேர் தெரியாத ஊர்களுக்குப் போயிருக்கிறார்கள். மூன்று வருஷம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. நீங்கள் வனவாசம் என்று சொல்லும் இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்று வரும் விவசாயியின் கையைப் பிடித்துப் பார்ப்பது நம் வீட்டுப் பிள்ளை.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே என் மகள் எட்டாம் வகுப்பிலேயே தூக்க மாத்திரை வேண்டும் என்று கேட்டாள். சின்ன ஊர்ப் பள்ளியில் ஏபி என்கிற கல்லூரித் தர வகுப்புகள் குறைவுதான். ஆனால் அங்கே ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டி வளர்த்து, கணக்கு எழுதி, கவுண்டி சந்தையில் ஏலத்துக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கல்லூரிக்குச் சேர்ப்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளை தூங்குகிறது.

பணத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ரீமாண்ட்டில் நாங்கள் பார்த்த பழைய வீடு பதினைந்து லட்சம் டாலர். யூபா சிட்டியில் எலுமிச்சை மரத்தோடு பார்த்த வீடு நாலு லட்சத்துச் சொச்சம். ஒன்றை மட்டும் இங்கே ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகள் மறக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும், வேறு நகர வட்டாரத்துக்குக் குடிபோனால் கம்பெனி திருத்திய மனு போட்டாக வேண்டும். அதை முடிக்காமல் சாமான் கட்டாதீர்கள்.

இப்போது அக்காவின் கேள்வி. "உன் பிள்ளை நாளைக்கு வந்து, அம்மா, நான் மற்றவர்களைப் போல இல்லை, எனக்குப் பிடித்தது ஒரு பெண்ணை என்று சொன்னால், அந்த ஊரில் அவள் நிலைமை என்ன?" அக்கா, இதைக் கேட்ட உங்களுக்கு நன்றி. இந்தக் கேள்வியோடு நான் பல ராத்திரி படுத்திருக்கிறேன். என் பதில் இது. கவுண்டி மாறினாலும் மாநிலச் சட்டம் மாறாது. சான் பிரான்சிஸ்கோவில் அவளுக்கு இருக்கும் கல்யாண உரிமை, வேலை உரிமை, பள்ளியில் பாதுகாப்பு, எல்லாம் சட்டர் கவுண்டியிலும் எழுத்துக்கு எழுத்து உண்டு. அதனால்தான் விலை இன்னும் மலிவு என்று தெரிந்தும் நாங்கள் வேறு மாநிலம் பார்க்கவில்லை. சட்டம் அவளுக்கு மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார ஒரு சிநேகிதியைத் தராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு முதலில் முகம் மாறக்கூடியவர்கள் யார் அக்கா? யூபா சிட்டிக்காரர்களா? இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாமா? என் மகளுக்கு முதலில் தேவைப்படும் ஊர் என் வீட்டுச் சமையலறை. அதை நான் எந்தக் கவுண்டிக்கும் கூடவே எடுத்துக்கொண்டு போவேன்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். வரும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஊர்வலத்தைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து லங்கர் என்கிற அந்தப் பொதுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அந்த எலுமிச்சை மரத்து வீட்டையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு என்கிறார் என் வீட்டுக்காரர், எனக்கு அப்படித் தெரியவில்லை. நன்றி, வணக்கம்.