திரண்டார்களா, திரட்டினார்களா?

(திருவல்லிக்கேணியில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கீழே தெருவில் ஏதோ ஊர்வலம் போகிறது, மேளச் சத்தம் கேட்கிறது. அது ஓயட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கு யாரும் வீடு போய்ச் சேர முடியாது. கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பல வருஷம் மெய்ப்புப் பார்த்தவன் நான். கட்சிக்காரர், கோயில்காரர், சர்ச்காரர், சங்கத்துக்காரர் எல்லோரும் நோட்டீஸ் அடிக்க வருவார்கள். யார் வந்தாலும் கடைசி வரியில் ஒரே சொல்தான் இருக்கும். கட்சி என்றால் ‘அணிதிரண்டு வாரீர்’. கோயில் என்றால் ‘பக்தர்கள் திரளாக வந்து’. ஒருநாள் அவசரத்தில் ‘அணிதிறண்டு வாரீர்’ என்று வல்லின றகரத்தோடு ஆயிரம் சுவரொட்டி அடித்துவிட்டோம். பார்க்கத் தவறியவன் நான்தான். சங்கச் செயலாளரிடம் பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அவர் ஒன்றை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வர்றவன் எழுத்தைப் பாத்தா வரப்போறான்? ஒட்டச் சொல்லுங்க சார்" என்றார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்தச் சொல், இன்னும் விடவில்லை.

திரள்வது என்றால் என்ன? மேகம் திரளும். கண்ணில் நீர் திரளும். மோர் கடைந்தால் வெண்ணெய் திரளும். குமரி மாவட்டத்துப் பக்கம் பெண் பெரியவளாவதையும் திரளுவது என்பார்கள். சிதறிக் கிடப்பது ஒன்றுகூடி ஓர் உருவம் பெறுகிறது, அவ்வளவுதான். ஆனால் வெறுமனே கூடுவது வேறு. சென்ட்ரல் ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு எவ்வளவு கூட்டம்! அது கூடியிருக்கிறது, திரளவில்லை. ரயில் வந்தால் ஆளுக்கொரு பெட்டியில் ஏறிப் போய்விடும். திரண்ட வெண்ணெய் அப்படி மறுபடி மோராகாது.

இப்போது கொஞ்சம் இலக்கணம், பொறுத்துக்கொள்ளுங்கள். திரள் என்பது தன்வினை. அதையே இன்னொருவர் செய்விக்கும்போது திரட்டு. உருள், உருட்டு. மிரள், மிரட்டு. புரள், புரட்டு. கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சிற்பி ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். அந்தப் ‘புரள்’ என்ற வேரிலிருந்துதான் புரட்சியும் வந்தது. ஏமாற்று வேலைக்கும் புரட்டு என்றே பெயர் வைத்திருக்கிறோம். நம் முன்னோருக்கு அரசியல் தெரிந்திருக்கிறது!

சரி, பத்திரிகைக்கு வாருங்கள். நமக்குப் பிடித்த கட்சியின் மாநாடு என்றால் ‘லட்சக்கணக்கானோர் திரண்டனர்’. பிடிக்காத கட்சி என்றால் ‘ஆட்களைத் திரட்டினர்’. அப்புறம் லாரி, பிரியாணி, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கெல்லாம் வரும். ஓர் எழுத்து மாற்றத்தில் மக்களின் மனசு காணாமல் போய்விடுகிறது. நிதிக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. நிதியை எல்லாக் கட்சியும் திரட்டுகிறது. நிதி தானாகத் திரண்டது என்று எழுதி எவரும் என்னிடம் மெய்ப்புக்குக் கொடுத்ததில்லை.

திரட்டுவது இழிவு, திரள்வது உயர்வு என்று நானும் நினைத்திருந்தேன். அதை மாற்றியது திரட்டிப்பால். வீட்டில் விசேஷம் என்றால் அம்மா அடிகனமான உருளியில் மூன்று லிட்டர் பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு மணி நேரம் கரண்டி நிற்காது. ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து வழித்து நடுவில் விடுவாள். எழுந்து போனால் அடிப்பிடிக்கும், தீயைக் கூட்டினால் பொங்கி வழியும். சுண்டிச் சுண்டி மணல்மணலாக வரும்போதுதான் வெல்லம். பால் திரண்டதா, அம்மா திரட்டினாளா? பாலில் சத்து இல்லை என்றால் எவ்வளவு கிளறினாலும் ஒன்றும் ஆகாது. கிளற ஆள் இல்லை என்றால் நல்ல பாலும் தீய்ந்துதான் போகும்.

பெரம்பூரில் 1918-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். பி அண்ட் சி, அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி ஆலைத் தொழிலாளிகளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் போதவில்லை. வாயில் சோற்றோடு ஓட வேண்டும். குறை ஆளுக்கு ஆள் இருந்தது, சிதறிக் கிடந்தது. அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் போய், அன்னி பெசன்ட்டோடு வேலை செய்துகொண்டிருந்த பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். அவர் பம்பாய்ப் பார்சி, ஆங்கிலத்தில்தான் பேசுவார். திரு.வி.க. போன்றவர்கள் தமிழில் பேசினார்கள். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா திரட்டினார் என்று எழுதுகிறோம். பசி அதற்கு முன்பே பாதி வேலையை முடித்திருந்தது.

2017 ஜனவரியில் நேர்மாறு. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்தபோது, ‘யார் திரட்டியது?’ என்று எல்லோரும் தேடினார்கள். மேடை இல்லை, தலைவர் இல்லை. ராத்திரியானால் செல்போன் வெளிச்சம். நான் இரண்டு நாள் போனேன். தண்ணீர் பாட்டில் கொடுத்த பையனிடம் "யாருப்பா ஏற்பாடு?" என்றேன். "தெரியல அங்கிள், குரூப்ல வந்துச்சு" என்றான். அந்த குரூப்பில் முதலில் யாரோ ஒருவர் விரலால் தட்டியிருக்கத்தானே வேண்டும்? கரண்டி இருந்தது, பிடித்த கைதான் கண்ணில் படவில்லை.

அந்தத் தப்புச் சுவரொட்டி என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன். குற்ற உணர்ச்சியில் நானே அந்தக் கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் சுமார்தான். பக்கத்தில் லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். "சங்கத்துல இருக்கீங்களா?" என்றேன். "இல்ல சார், போஸ்டர் பாத்து வந்தேன்" என்றார். "தினம் எத்தனையோ போஸ்டர் ஒட்டுறாங்க, யாரு படிக்கிறா? இதுல ‘திறண்டு’ன்னு போட்டிருந்துச்சு. என்னடா இதுன்னு நின்னு முழுசாப் படிச்சுட்டேன்."