எதற்காகக் கட்டினோம், எப்போது கழற்றுவோம்?

எல்லோருக்கும் வணக்கம்.

உடம்பில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு நடமாடுவது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1940களின் கடைசியில், இதயத்தின் மின்துடிப்பை ரேடியோ வழியாக அனுப்பும் ஒரு கருவியைச் செய்தார். எடை சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டை மாதிரி சுமந்துகொண்டுதான் அதைச் சோதித்தார்கள். அதுவரை இ.சி.ஜி. எடுக்க வேண்டுமென்றால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடக்கும்போது, வேலை பார்க்கும்போது, தூங்கும்போது இதயம் என்ன செய்கிறது என்று பார்க்க வழியே இல்லை. அந்த வழியைத் திறந்தவர் ஹோல்டர். இன்று அவர் பெயர் தாங்கிய கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒருவருக்கு அடிக்கடி படபடப்பு வருகிறது, தலை சுற்றுகிறது. டாக்டர் ஒரு நாளோ இரண்டு நாளோ இந்தக் கருவியைக் கட்டி அனுப்புகிறார். எத்தனை மணிக்குப் படபடப்பு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்துவைக்கச் சொல்கிறார். பிறகு கருவியைக் கழற்றி வாங்கி, பதிவைப் படித்து, இதுதான் விஷயம் என்று சொல்கிறார்.

அங்கே ஒரு கேள்வி இருந்தது. இத்தனை நாள் என்ற கெடு இருந்தது. பதிலைப் படிக்கத் தெரிந்த ஆள் இருந்தார். கழற்றும் நாளும் முதலிலேயே தெரிந்திருந்தது. இன்று கோடிக்கணக்கான மணிக்கட்டுகளில் ஏறியிருக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும், விரலில் மாட்டும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. என் சந்தேகம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கேள்வி எதுவும் இல்லாமல், முடிவும் இல்லாமல் ஒரு மனித உடம்பை அளந்துகொண்டே இருப்பது நல்லதா என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

சரி, அது எதைத்தான் அளக்கிறது? வாட்சைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சக்கூடியது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது, அதனால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணி நாடித்துடிப்பைச் சொல்கிறது. அப்புறம், கையின் அசைவை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. சிலவற்றில் தோலின் வெப்பத்தையும் இதயத்தின் மின்துடிப்பையும் அறியும் வசதியும் உண்டு. பெரும்பாலும் இவ்வளவுதான் நேரடியான அளவு. திரையில் வரும் கலோரி, மன அழுத்தம், ஆழ்ந்த உறக்கம், 'இன்று உங்கள் உடம்பு எவ்வளவு தயார்' என்ற மதிப்பெண் எல்லாம் இதை வைத்துக் கணக்குப் போட்டு ஊகித்தவை.

அந்த ஊகம் எவ்வளவு தூரம் சரி? 2017ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பொறுத்தவரை ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் செலவான கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவி 93 சதவீதம் தவறியது. துடிப்பும் கலோரியும் ஒரே திரையில், ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு வருகின்றன. எது அளந்தது, எது ஊகித்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய எந்த அடையாளமும் இல்லை. அதை நம்பி ஒருவர் இன்னொரு கவளம் சாப்பிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். இது நேர்மையான வியாபாரம் இல்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

தூக்கத்தின் கதையும் அப்படித்தான். தூக்கத்தின் நிலைகளை முறையாக அறிய வேண்டுமென்றால் பரிசோதனைக்கூடத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். கண்ணின் அசைவையும் தாடைத் தசையின் இறுக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மணிக்கட்டில் இருக்கும் கருவிக்கு மூளை எட்டாது. அசைவையும் துடிப்பையும் வைத்து அது ஊகிக்கிறது. தூக்கம் வராமல் அசையாது படுத்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரை, தூங்கிவிட்டார் என்று கணக்கில் சேர்த்துக்கொள்வது இந்தக் கருவிகளிடம் எல்லோரும் அறிந்த குறை. தூக்கமின்மையால் அவதிப்படுபவர்தான் இதை ஆசையாக வாங்குகிறார். அவரிடம்தான் இது அதிகமாகத் தவறும்.

இன்னொன்று தோலின் நிறம். ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவியைப் பற்றி 2020ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதை அந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளை இன நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நோயாளியின் உயிரை நம்பி வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கருவிக்கே இந்த நிலை. ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளக்கும் எந்தக் கருவியை வாங்கினாலும், இதை எப்படிப்பட்ட தோல்களில் சோதித்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அடுத்து, பத்தாயிரம் அடி. ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்பது மருத்துவம் வகுத்த கணக்கு என்றுதான் பலரும் நம்புகிறார்கள். 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து உடற்பயிற்சி மோகம் பரவியிருந்த நேரத்தில், 1965ல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்ற எண்ணையே அதற்குப் பெயராக வைத்தார்கள். எண் அங்கிருந்துதான் கிளம்பியது. 2019ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரியாக 72 வயதான ஏறக்குறைய 17,000 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. அடிகள் கூடக்கூட இன்னும் குறைந்தது, சுமார் 7,500 அடியோடு அந்தப் பலன் நின்றுவிட்டது. நடக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, தாராளமாக நடங்கள். முழங்கால் வலியோடு 5,000 அடி நடந்து முடித்த ஒரு பாட்டியிடம், நீங்கள் பாதிதான் தேறினீர்கள் என்று ஒரு கருவி தினமும் சொல்வது தவறு என்கிறேன். அவர் தன் உடம்புக்கு நல்லது செய்திருக்கிறார். அந்த நிறைவைப் பறிக்க அந்தக் கருவிக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

தவறுகள் இருந்தாலும் மொத்தத்தில் பலன் இருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், எடை கூடிய இளைஞர்கள் 471 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2016ல் வந்தது. எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆலோசனை உண்டு. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் ஆறு மாதத்துக்குப் பிறகு உடம்பில் அணியும் கருவியையும் கொடுத்தார்கள். முடிவில் கருவி அணியாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். அணிந்தவர்கள் 3.5 கிலோ. அந்த வருடங்களில் கருவிகளின் விளம்பரங்கள் சொன்னதற்கு இது நேர் எதிர்.

இதயத்தைப் பற்றிய ஆய்வு இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். டென்மார்க்கில், 70 வயதைத் தாண்டிய, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை போன்ற ஆபத்துக் காரணங்கள் உள்ள சுமார் 6,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். நான்கில் ஒரு பங்கினருக்கு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சின்னக் கருவியைத் தோலுக்கடியிலேயே பொருத்தினார்கள். மணிக்கட்டுக் கருவியைவிடப் பல மடங்கு நம்பகமானது அது. முடிவு 2021ல் வந்தது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடிய சீரற்ற துடிப்பு, கருவி பொருத்தியவர்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது, மற்றவர்களில் 12 சதவீதம். அதற்கேற்ப ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தும் அதிகம் பேருக்குத் தரப்பட்டது. ஆனால் பக்கவாதம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. அத்தனை பேருக்கு நோயாளி என்ற பெயரும், ரத்தக்கசிவு அபாயமுள்ள மருந்தும் கிடைத்ததற்கு ஈடாக என்ன பலன் என்று டாக்டர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். அதிகமாக அளந்தால் அதிகமாகக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த அத்தனையும் அந்த மனிதருக்கு உதவுமா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு சர்க்கரை நோயாளியின் தோலில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சாரை யாரும் கழற்றச் சொல்லவில்லை. நள்ளிரவில் சர்க்கரை இறங்கினால் எழுப்பிவிடும் கருவி அது, உயிரைக் காக்கிறது. தனியாக வாழும் முதியவர் விழுந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும் வாட்சும் அப்படியே. அங்கெல்லாம் கேள்வி தெளிவாக இருக்கிறது. ஊசி குத்தாமலே ரத்தத்தில் சர்க்கரையைச் சொல்கிறேன் என்று விற்கப்படும் வாட்சுகளையும் மோதிரங்களையும் மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி ஒன்றுக்குக்கூடத் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு மிகவும் கவலை தருவது இனிமேல் சொல்லப்போவது. 2017ல் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் ஒரு புது விதமான நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கருவி காட்டும் தூக்க மதிப்பெண்ணைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்தவர்கள் அவர்கள். எண்ணைக் கூட்டுவதற்காகக் கூடுதல் நேரம் படுக்கையில் கிடக்கிறார்கள், அதனாலேயே தூக்கம் இன்னும் கெடுகிறது. பரிசோதனைக்கூடத்தில் முறையாகப் பதிவு செய்து, நீங்கள் நன்றாகத்தான் தூங்கினீர்கள் என்று சொன்ன பிறகும், 'என் கருவி அப்படிச் சொல்லவில்லையே' என்று கேட்டவரும் அவர்களில் உண்டு. இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயர் வைத்தார்கள். காலையில் எழுந்ததும் உடம்பு லேசாக இருக்கிறதா, கண் எரிகிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் மனிதனுக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு. அந்தச் சாட்சியைத் தள்ளுபடி செய்துவிட்டு, ஊகத்தால் வந்த எண்ணைச் சாட்சியாக ஏற்கிறோம். களைப்பு, பசி, நிறைவு, படபடப்பு இவற்றை உணர்ந்து சொல்லும் திறமை பயன்படுத்தாமல் விட்டால் மங்கிப்போகும் என்று நான் அஞ்சுகிறேன்.

இதே கருவிதான் போனில் வரும் ஒவ்வொரு செய்தியையும் மணிக்கட்டுக்குக் கொண்டுவருகிறது. போனையாவது பையில் போட்டுவிடலாம், இது தோலைத் தட்டுகிறது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015ல் நடந்த சோதனையில், போன் அதிர்ந்தாலோ ஒலித்தாலோ, அதைக் கையில் எடுக்காமல் இருந்தாலும்கூட, செய்துகொண்டிருந்த வேலையில் கவனம் சிதறிப் பிழைகள் கூடியது தெரிந்தது. மனம் 'யாராக இருக்கும்' என்று போய்விடுகிறது. எதிரே உட்கார்ந்து தன் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவர் நம் கண் மணிக்கட்டுக்குப் போய்வருவதைக் கவனிக்கிறார். அவர் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். நாம் நேரம் பார்த்தோமா, செய்தி பார்த்தோமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரியிலும் ஆஸ்திரேலியா 2024லும் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்?

டேட்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப், தன் பயனர்கள் ஓடிய தடங்களை எல்லாம் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டது. பெயர்கள் எதுவும் இல்லை. ஆனால் சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவ முகாம்களின் அமைப்பு, அங்கே ஓடிய வீரர்களின் தடங்களால் பளிச்சென்று தெரிந்தது. பெயரை நீக்கிவிட்டோம், பயப்படாதீர்கள் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் எனக்கு அந்த வரைபடம்தான் நினைவுக்கு வருகிறது.

கடைசியாக, இதைத் தானே தேர்ந்தெடுக்காதவர்களைப் பற்றி. வளர்ந்த ஒருவர் யோசித்து ஒரு வாட்சைக் கட்டிக்கொண்டால் அது அவர் விருப்பம். குழந்தைக்கு? ஜெர்மனியில் 2017 நவம்பரில், சுற்றி நடப்பதை ரகசியமாக ஒட்டுக்கேட்க வசதியுள்ள குழந்தைகள் வாட்சுகளை அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு தடை செய்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னது. பெற்றோர் அவற்றைக் கொண்டு வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைக்கூடக் கேட்டுக்கொண்டிருந்ததாக அந்த அமைப்பே தெரிவித்தது. பிள்ளை மீது பாசம் இல்லாமல் யாரும் அப்படிச் செய்வதில்லை. இருந்தாலும், யாரோ எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்து வளரும் பிள்ளை எப்படித் தன் சிநேகிதனிடம் மனம்விட்டுப் பேசும்?

தொழிலாளியின் நிலைமையும் இதுவே. கிடங்கில் ஊழியரின் கை எந்தப் பெட்டிப் பக்கம் போகிறது என்று கண்காணித்து, தவறான பக்கம் போனால் அதிர்ந்து காட்டும் கைப்பட்டைக்கு அமேசான் 2018ல் காப்புரிமை பெற்றது. காப்புரிமை பெற்றதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை, ஆனாலும் எண்ணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜான் ஹான்காக் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், தன் எல்லா பாலிசிகளிலும் உடற்பயிற்சியைக் கணக்கு வைக்கும் திட்டத்தைச் சேர்ப்பதாக அறிவித்தது. கருவியின் தகவலைக் கொடுத்தால் சலுகை உண்டு. கொடுக்காதவருக்கு அபராதம் இல்லை, சலுகைதான் இல்லை. எல்லோரும் கொடுக்க ஆரம்பித்த பிறகு, கொடுக்காதவர் கட்டும் கூடுதல் பணத்துக்கு என்ன பெயர்? சட்டம் முதலில் வர வேண்டியது இந்த இடத்தில்தான். வேலைக்காகவோ காப்பீட்டுக்காகவோ ஒருவர் கையில் கட்டிய கருவியை அவர் கழற்றிவைத்தால், அதற்காக அவர் சம்பளமோ பதவியோ பாலிசியோ பாதிக்கப்படக் கூடாது என்று அது சொல்ல வேண்டும்.