சல்யூட்டு ஒரு பக்கம், பில்லு ஒரு பக்கம்

கோவை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் 22 வருஷம் பட்டாளத்துல இருந்துட்டு ஹவில்தாரா ரிட்டயர்டு ஆகி, இப்ப கோபி பக்கம் நாலு மாடு, கொஞ்சம் மஞ்சக்காடுன்னு ஓட்டிட்டு இருக்கறவன். முன்னாள் ராணுவத்துக்காரங்க வைத்தியச் செலவு, அதுல நடக்கற அரசியல் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, கட்சி பேரு மட்டும் வேண்டாமுங்கன்னும் சொன்னாங்க. நான் சொல்லலீங்க. எங்களுக்கு சல்யூட் அடிக்கறதுல எந்தக் கட்சிக்கும் பேதம் இல்ல, சண்டையெல்லாம் பணம் எந்தக் கணக்குல வர்றதுங்கறதுலதான்.

போன ஐப்பசில எங்க ஊர் சுபேதார் அண்ணன் மழைக்கு வழுக்கி வாசப்படியில விழுந்து இடுப்பெலும்பு போயிருச்சுங்க. ஈசிஎச்எஸ்-ங்கற எங்க முன்னாள் ராணுவத்துக்காரங்க வைத்தியத் திட்டத்தோட பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கி, அந்தத் திட்டத்து லிஸ்ட்டுல இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனோம். கவுண்ட்டர்ல இருந்த புள்ள கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஈசிஎச்எஸ் கேஸ் இப்போதைக்கு எடுக்கறதில்லீங்கய்யா, பழைய பில்லே இன்னும் வரல, காசு கட்டறதுன்னா உடனே அட்மிஷன் போட்டரலாமுங்க"ன்னுச்சு. அண்ணன் ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டே கையை நீட்டி கார்டை வாங்கி, பக்கத்துல இருந்த மஞ்சப்பைக்குள்ள ஜெராக்ஸ் கட்டோட வெச்சாரு, ஒரு வார்த்தை பேசல. மூணு நாள் அலைஞ்சு கோயமுத்தூர்ல வேற ஆஸ்பத்திரியில சேர்த்தோமுங்க.

அந்தப் புள்ள மேல எனக்குக் கோவம் வரலீங்க. நாம சொசைட்டிக்கு பால் ஊத்தறோம், ரெண்டு பட்டுவாடா தள்ளிப்போனா என்ன பேச்சுப் பேசுவோம்? ஆறு மாசம் வரலைன்னா எவன் ஊத்துவான்? ஆஸ்பத்திரிக்காரங்களும் அப்படித்தான். அதுவும் ரேட்டு பாருங்க, மத்திய அரசு ஊழியருங்க வைத்தியத் திட்டமான சிஜிஎச்எஸ் ரேட்டுலதான் பில் போடணும், 2014-ல போட்டதுல முக்காவாசி பத்து வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்து 2025 அக்டோபர்லதான் பெருசா மாத்தினாங்க. இந்தப் பத்து வருஷத்துல நம்மூர்ல எந்தச் சாமான் விலை அப்படியே நின்னுச்சுன்னு சொல்லுங்க.

ஈசிஎச்எஸ்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். 2003 ஏப்ரல் 1-ல ஆரம்பிச்ச திட்டமுங்க. அதுக்கு முன்னால எங்காளுங்களுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரிதான், இங்கிருந்துன்னா மேட்டுப்பாளையம் போயி, காட் ரோட்டுல வாந்தி எடுத்துட்டே குன்னூர் ஏறி வெலிங்டன் போகோணும், நெஞ்சுவலிக்காரனை அப்படிக் கொண்டு போனா என்னாகும். இப்ப நாடு முழுக்க 400-க்கும் மேல பாலிகிளினிக், 60 லட்சம் பேருக்கு மேல கார்டு. திட்டத்தைக் குறை சொல்ல மாட்டனுங்க, நல்ல திட்டம். ஆனா இது ஓசியில்ல. ரிட்டயர்டு ஆகறப்ப எங்கிட்ட 30,000 ரூபா பிடிச்சாங்க, 2017 கடைசியில போட்ட ரேட்டு அது, சுபேதார் மாதிரி ஜேசிஓ ரேங்க்குன்னா 67,000, ஆபீசர்னா 1,20,000. ஓசியில வைத்தியம் பாக்கறாங்கன்னு டீக்கடையில எகத்தாளம் பேசறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இப்ப பணக் கதைக்கு வர்றேன். இது சட்டத்துல உரிமைன்னு எழுதி வெச்ச பணம் இல்லீங்க, ராணுவ அமைச்சக பட்ஜெட்டுல வருஷா வருஷம் ஒதுக்கறது. ஒதுக்குனது தீர்ந்துதுன்னா பில்லு அடுத்த வருஷத்துக்குப் போயிரும். 2023-24-ல மொதல்ல ஒதுக்குனது சுமார் 5,430 கோடி, அது பத்தாம நடுவுல 70 சதவீதம் ஏத்தித்தான் சமாளிச்சாங்க, அப்படின்னா 9,000 கோடியைத் தாண்டிருச்சு. அடுத்த வருஷம் 2024-25-க்கு 6,968 கோடின்னு அறிவிச்சுட்டு, இது போன வருஷத்தைவிட 28 சதவீதம் அதிகம்னாங்க. எந்த போன வருஷம்? மொதல்ல போட்ட கணக்கோட ஒப்பிட்டா அதிகம், நிஜமா ஆன செலவோட ஒப்பிட்டா கம்மி. 2025-26-க்கு 8,317 கோடி, அதுவும் அந்த 9,000-த்தை எட்டல. ஆளுங்கட்சி ஏத்திட்டோம்ங்குது, எதிர்க்கட்சி பத்தலைங்குது, ரெண்டு பேரும் பொய் சொல்லல பாருங்க, அதான் இதுல வேடிக்கை. பாதுகாப்புத்துறை நாடாளுமன்றக் கமிட்டியும் பில் பாக்கி, நிதிக் குறைச்சல்னு திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கு.

அமெரிக்காக்காரன் மட்டும் ஒழுங்கான்னா அங்கயும் இதே கூத்துதானுங்க. ஈராக், ஆப்கானிஸ்தான்ல முகாம் குப்பையெல்லாம் குழி தோண்டி எரிச்சதுல, அந்தப் புகையைக் குடிச்ச சிப்பாய்ங்களுக்கு கேன்சரு, நுரையீரல் சீக்கு. அவங்களுக்கு வைத்தியம் தர்ற 'பேக்ட்' சட்டம் 2022 ஜூன்ல செனட்ல 84-க்கு 14-னு ஜெயிச்சுது. ஒரு சின்ன திருத்தத்துக்காக ஜூலை 27-ல மறுபடி வந்தப்ப, 60 ஓட்டு வேணும், 55தான் விழுந்துச்சு, ஜூன்ல கை தூக்கினவங்கள்ல இருபத்தஞ்சு பேர் மாத்திக் குத்திட்டாங்க. ஏன்னு கேட்டா, பென்சில்வேனியா செனட்டர் பேட் டூமி சொன்ன காரணம் நம்ம விசயந்தான்: வைத்தியத்துக்கு நான் எதிரி இல்ல, ஆனா பத்து வருஷத்துக்கு 400 பில்லியன் டாலர் செலவை வருஷா வருஷம் ஓட்டுப் போடற கணக்குல இருந்து தானா போற கணக்குக்கு மாத்தினா, காலியாகற இடத்துல வேற செலவைத் திணிச்சுருவாங்கன்னாரு. அது ஒண்ணும் கிறுக்குத்தனமான கேள்வி இல்லீங்க. ஆனா சீக்காளி சிப்பாய்ங்க நாடாளுமன்றப் படிக்கட்டுலயே ராத்திரி படுத்துக் கிடந்தாங்க, மழையிலயும் எந்திரிக்கல. ஆகஸ்ட் 2-ல 86-க்கு 11-னு பாஸாச்சு, 10-ந்தேதி பைடன் கையெழுத்துப் போட்டாரு.

எனக்கு இங்க வேண்டியதும் அந்த ஒண்ணுதானுங்க, செலவு ஏறுனா பணமும் தானா ஏறற கணக்கு. அதுல ஏமாத்து பில்லு நடக்காதான்னா நடக்கும், இப்பவும் நடக்குது, ஆபரேஷன் தேவையில்லாத ஆளைப் படுக்கப் போட்டு பில் போடற ஆஸ்பத்திரியும் இருக்கு. அதைப் பிடிக்கறதுக்கு தணிக்கை இருக்குது. நாலு பேர் ஏமாத்தறான்னு நிதியையே இறுக்கிப் பிடிச்சா ஒழுங்கா வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரிதான் மொதல்ல லிஸ்ட்டை விட்டுப் போகுது.

இன்னொண்ணு, அக்னிவீர் பசங்க. 2022 ஜூன்ல வந்த திட்டப்படி நாலு வருஷத்துல வெளிய வர்ற பையனுக்கு ஈசிஎச்எஸ் கிடையாது. ஒரு பக்கம் துணை ராணுவத்துல ஒதுக்கீடு இருக்குதேங்கறாங்க, இன்னொரு பக்கம் திட்டத்தையே எடுங்கங்கறாங்க, இருபத்தஞ்சு வயசுல முட்டி தேஞ்சு வர்றவனுக்கு யாரு ஸ்கேன் எடுக்கறதுன்னு எங்கூர்ல ஒரு அம்மா கேட்டதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க.

கேக்கற பட்டாளத்துக்காரங்களுக்கு ஒரு விசயம். எமர்ஜென்சின்னா லிஸ்ட்டுல இல்லாத ஆஸ்பத்திரின்னாலும் சேர்த்துருங்க, ஆனா 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்து பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிருங்க, இல்லைன்னா பணம் திரும்ப வாங்கறது பெரும்பாடு. மருந்து ஸ்டாக் இல்லைன்னா சீட்டுல 'என்.ஏ.', அதாவது 'நாட் அவைலபிள்'னு போட்டுத் தருவாங்க பாருங்க, அந்தச் சீட்டைத் தொலைச்சுப் போடாதீங்க.

எங்க சுபேதார் அண்ணன் இப்ப வாக்கரோட திண்ணை வரைக்கும் வர்றாரு, ரேடியோவைப் பக்கத்துல வெச்சு இதைக் கேட்டுட்டுத்தான் இருப்பாரு. அண்ணா, புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன், போன வாட்டி மறந்தீங்களே அந்த என்.ஏ. சீட்டு, அதை இப்பவே மஞ்சப்பையில போட்டு வெச்சுருங்க. வணக்கமுங்க.