பாரம் பிள்ளைக்கு இல்லை, மாமாவுக்கு!

நடுவர் அவர்களே, வணக்கம். மீட்கப்பட்ட விலங்குகளுக்காகப் பிள்ளைகள் நடந்து நிதி திரட்டுவது பாடமா, பாரமா? இதுதான் இன்றைய தலைப்பு. பாடம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "மனசிருந்தால் நேராக எஸ்பிசிஏ என்கிற விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் கணக்கில் பணத்தைப் போட வேண்டியதுதானே, பத்து வயசுப் பிள்ளையை எதற்குக் கடற்கரையில் வேர்க்க விறுவிறுக்க நடக்கவிட வேண்டும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். போடலாம்தான் அண்ணே. போட்டீர்களா?

என் அக்கா மகள் போன ஜூலையில் நம் தென்னாப்பிரிக்க டர்பன் கடற்கரையில் உஷாகா பக்கமிருந்து ப்ளூ லகூன் நோக்கி 5 கிலோமீட்டர் நடந்தாள். டர்பனில் ஜூலை குளிர்காலம், வேர்க்காது, அதையும் அண்ணன் குறித்துக்கொள்ளட்டும். நடைக்கு முன்பே கையில் ஒரு ஸ்பான்சர் தாள்: பெயர், கிலோமீட்டருக்கு எத்தனை ராண்ட், கையெழுத்து. சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு ஆன்ட்டி, "நாய்க்கா? இங்கே மனுஷனுக்கே வழியில்லை" என்றார், அப்புறம் அவரே அவளை வாசலில் நிறுத்திவைத்து, தன் வீட்டுப் பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு ஈடு குட்டி போடுவதையும், குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் தவிப்பதையும் சொல்லிப் புலம்பித் தீர்த்தார். இவள், "கருத்தடை பண்ணிவிடலாமே ஆன்ட்டி, எஸ்பிசிஏவில் கேளுங்களேன்" என்றாள். ஆன்ட்டி கேட்டார், பண்ணியும் விட்டார். வங்கியில் போட்ட பணம் அந்த வாசல்படி ஏறியிருக்குமா?

நடந்து முடித்த பிறகுதான் வேடிக்கை. கிலோமீட்டருக்கு 20 ராண்ட் என்று தாராளமாக எழுதிக் கையெழுத்துப் போட்ட மாமா ஒருவர், பிள்ளை முதல் கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. ஐந்தும் நடந்துவிட்டாள் என்று தெரிந்ததும், வசூலுக்குப் போகும்போதெல்லாம் "மாமா வீட்டில் இல்லை". உள்ளே கிரிக்கெட் சத்தம் கேட்கிறது! இவள் விடாமல் போய் 100 ராண்டையும் வாங்கிவிட்டாள். பாரம் பிள்ளைக்கு இல்லை நடுவர் அவர்களே, மாமாவுக்கு.

"பெரியவர்கள் கடமையைப் பிள்ளை தலையில் ஏற்றுகிறீர்கள்" என்றார்கள். இது கொஞ்சம் உறைக்கிற வாதம், மறுக்கவில்லை. கேப் டவுனில் 1872-இலேயே எஸ்பிசிஏ தொடங்கிவிட்டது, விலங்குகளைக் கொடுமைப்படுத்தினால் தண்டிக்க 1962-இல் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் வண்டிக்குப் பெட்ரோல், தடுப்பூசி, தீனி எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது. தீபாவளி ராத்திரி நம் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு வேலி தாண்டி ஓடுகிற நாய்கள் எங்கே போய்ச் சேர்கின்றன? எஸ்பிசிஏவுக்குத்தான். அது போதாதென்று நவம்பர் 5, ஆங்கிலேயர் வழக்கமான கை ஃபாக்ஸ் நாள் வேட்டு வேறு. வெடித்தது யார், பிள்ளையா?

அப்புறம், நடந்து காசு சேர்ப்பது வெள்ளைக்காரப் பழக்கமாம். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கி நடக்கிற ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார்கள்! முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் இன்றைக்கு எத்தனையோ பேர் தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டத்தானே ஓடுகிறார்கள்? மண்டேலா நாளான ஜூலை 18 அன்று, அவர் பொதுவாழ்வில் உழைத்த 67 ஆண்டுகளுக்காக நாடே 67 நிமிடம் சேவை செய்கிறது. பத்து வயசுக் காலுக்கு 5 கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும், பிள்ளை ஒன்றும் தேய்ந்துவிடாது.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. அடுத்த நடைக்கான தாள் என் பையில் இருக்கிறது, இரண்டு வரி காலி. எதிரணி அண்ணன் கிலோமீட்டருக்கு எத்தனை ராண்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுப்புரையைத் தொடங்கட்டும்.