காலிலிருந்து எடுப்பதா, நெஞ்சிலிருந்து எடுப்பதா?

நேயர்களுக்கு வணக்கம்.

இதயத் தமனி அடைப்புக்கு பைபாஸ் அறுவை என்று சொன்னதும் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "காலிலிருந்து நரம்பு எடுப்பீங்களா டாக்டர்?" என்பதுதான். அது நரம்பு இல்லை, சிரை. இதயத்துக்கு இரத்தம் திரும்பி வருகிற குழாய். பேச்சில் நரம்பு என்றே நிலைத்துவிட்டது, இருக்கட்டும். கேள்வி நல்ல கேள்வி. அடைப்பைத் தாண்டி இரத்தம் போக எந்தக் குழாயை வைக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அந்த வழி எத்தனை வருஷம் திறந்திருக்கும் என்பதும்.

கால் சிரை எடுக்கச் சுலபம், நீளமாகவும் கிடைக்கும். ஆனால் குறைந்த அழுத்தத்துக்கே பழகியது. தமனியின், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகிற குழாயின், அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்கும்போது அதன் சுவர் தடித்து, கொழுப்பு படிகிறது. இப்படி வைத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி 10 வருஷத்தில் அடைத்துக்கொள்கின்றன.

நெஞ்செலும்பின் இரு ஓரமும் உட்புறமாக ஒவ்வொரு தமனி இறங்குகிறது. உள்மார்புத் தமனி என்போம். இடப்பக்கத்துத் தமனியை நெஞ்சுச் சுவரிலிருந்து மெல்லப் பிரித்து, கீழ்முனையை மட்டும் வெட்டுகிறோம். மேல்முனை தன் பிறப்பிடத்தோடு ஒட்டியே இருக்கும். சுமார் 2 மில்லிமீட்டர் குழாய்தான். வெட்டிய நுனியை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தியதும் அதிலிருந்து இரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்ச வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் எனக்கு நிம்மதி. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியமான தமனியில் இதைத் தைக்கிறோம். 10 வருஷம் கழித்தும் 100-க்கு 90 திறந்தே இருக்கும். கால் சிரை பைபாஸை 1967-இல் தொடங்கிப் பரவலாக்கிய, அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்களே, இந்தத் தமனி வைத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1986-இல் எழுதினார்கள். அதன்பின் இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

சரி, மற்ற அடைப்புகளுக்கு? இங்கேதான் ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வலப்பக்க உள்மார்புத் தமனியையும் எடுக்கலாம். ஆனால் இரண்டையும் எடுத்தால் நெஞ்செலும்புக்கு இரத்தம் குறையும். சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்தவருக்குப் புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். அவர்களுக்கு நான் தயங்குவேன்.

அப்புறம் கைத் தமனி. கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்திப் பிடிப்போம். விரித்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத் தமனியை மட்டும் விடுவித்தால், சில நொடிகளில் சிவக்க வேண்டும். சிவந்தால், கட்டைவிரல் பக்கத் தமனியை எடுத்தாலும் கை தாங்கும். ஆனால் அடைப்பு மிகக் கடுமையாக இருக்கிற இடத்தில்தான் இதை வைக்கலாம். பழைய வழியிலேயே ஓரளவு இரத்தம் ஓடினால், இது சுருங்கிப் பயனற்றுப்போகும்.

சிறுநீரகம் பலவீனமானவருக்கு, பின்னால் டயாலிசிஸுக்கு அந்தக் கை தேவைப்படலாம் என்பதால் அதைத் தொடமாட்டேன். ஆஞ்சியோகிராம் மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் அந்தத் தமனியின் உள்சுவர் காயப்பட்டிருக்கக்கூடும். எந்தக் கையில் செய்தார்கள் என்பதை அறுவைக்கு முன்பே, நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.