மரி பிராக்மோன் வரைந்த தட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட தட்டு உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கும். சாப்பிடச் சாப்பிட, உணவுக்கு அடியிலிருந்து பூ இதழ் இதழாக வெளியே வரும். அதை வரைந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

நான் சொல்ல வந்தவர் மரி பிராக்மோன். 1840-இல் பிரான்சின் பிரெட்டனிப் பகுதியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பூக்களைக் கசக்கி நிறமெடுத்து, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு படம் வரைந்தாராம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பூவைக் காகிதத்தில் தேய்த்துப் பார்க்காத குழந்தை உண்டா? மறுநாளே அது பழுப்பேறிவிடும். அப்படித் தொடங்கிய கை, பிறகு மங்காத நிறத்தைத் தேடிச் சூளைக்கு வந்து சேர்ந்தது.

1869-இல், உலோகத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கும் ஓவியரான ஃபெலிக்ஸ் பிராக்மோனை மணந்தார். லிமோஷ் நகரின் ஹேவிலாண்ட் பீங்கான் நிறுவனம் 1870-களில் பாரிஸின் ஓத்தேய் பகுதியில் ஒரு கலைக்கூடம் நடத்தியது. அதற்குப் பொறுப்பாளர் ஃபெலிக்ஸ். அங்கே மரி தட்டுகளுக்குச் சித்திரம் தீட்டினார்.

சரி, தட்டில் வரைவதில் என்ன கஷ்டம்? நீலத்துக்குப் பயன்படும் கோபால்ட் ஆக்சைடைக் கையில் எடுத்தால் கருப்பாக இருக்கும். நீலம் வருவது சூளையில் வெந்த பிறகுதான். அதாவது, தூரிகையைப் பிடித்திருக்கும்போது கண்ணுக்குத் தெரிவது வேறு நிறம், மனதில் இருக்க வேண்டியது வேறு நிறம். கண்ணாடிபோன்ற மேல்பூச்சு இடாத மண் நிறத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும்; கோடு தவறினால் அழிக்க வழியில்லை. துணியில் வரைபவர் மறுநாள் வந்து திருத்தலாம். தட்டில் வரைபவர் வெந்து வந்த பிறகுதான் தன் படத்தையே முதல்முறை பார்க்கிறார். இதைச் சின்ன வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் கிரேக்கப் புராணத்தின் கலைத் தேவதைகளைச் சுட்டமண் ஓடுகளில் மரி வரைந்த பெரிய சித்திரம் இடம்பெற்றது. அதற்கான முன்வரைவு மறு ஆண்டு, கண நேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் கண்காட்சிக்குப் போனது.

அவருடைய எண்ணெய் ஓவியங்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. கணவருக்கு அந்த இம்ப்ரெஷனிஸ்ட் பாணி பிடிக்கவில்லை. 1890 வாக்கில் மரி ஏறக்குறைய வரைவதையே நிறுத்திவிட்டார். 1916-இல் காலமானார், பீங்கானுக்குப் பேர்போன செவ்ர் ஊரில். நன்றி, வணக்கம்.